நாமக்கல் கோட்டை, முப்பது நொடி

முக்காலி கொண்டுவரவில்லை.
முட்டைக் கடைப் பொங்கியண்ணன்
காலி அட்டை எட்டை அடுக்கிக் கொடுத்தார்.
அதன்மேல் கேமரா.

மணி பதினொன்று.
கமலாலயக் குளத்தில் கோட்டை
தலைகீழாக, மேலே இருப்பதைவிடத் தெளிவாக.
"மூச்சு விடாதீங்க" என்றேன்.

பாதியில் ஒரு ரிக் வண்டி திரும்பியது,
ராய்ப்பூருக்கோ எங்கேயோ.
தரை, அட்டை, என் கடைவாய்ப் பல்
எல்லாம் அதிர்ந்தன.

திரையில்
தையல் பிரிந்த நூலாய்ச் சிவப்பு விளக்கு.
பாறைக்கு நான்கு விளிம்பு.
மதில் வெறும் புகை.

"ஏனுங்க, இத்தன வருசம் நின்னது
இன்னிக்குத்தானுங்களா அசையோணும்?"
அதையே தன் கைப்பேசிக்கு
அனுப்பச் சொன்னார்.

பிறகு நல்லதாய் ஒன்று எடுத்தேன்.
அதை அவர் கேட்கவில்லை.
அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.