எல்லைக்கு வெளியே

பீடோங் டிப்போவுக்குக் காலை எட்டரைக்கு வந்தேன்.
நூற்றுப் பதினாறு கேள்விகள், ஒரு மடிக்கணினி,
மழைக்குக் குடை.
இரண்டு நாளில் இவர்கள் பசுமையா இல்லையா என்று
நான் சொல்லியாக வேண்டும்.

நாற்பத்தொரு நாட்டில் கிளை வைத்த கம்பெனி.
வாசலில் வெள்ளை வேன், அதன் விலாவில் இலைப் படம்.
"மின்சார வேன்" என்றார் மேலாளர் ஹபிசுல்,
பிள்ளையின் ரிப்போர்ட் கார்டை நீட்டுகிறவர் போல.
சார்ஜர் சுவரில் இருந்தது.
சுவருக்கு இன்னும் லைன் வரவில்லை.
பின்கட்டில் ஒரு ஜென்செட்
டீசல் குடித்துவிட்டு உறுமிக்கொண்டிருந்தது.
கேள்வி 22: பகுதி நிறைவு.

வாங்க ஆளில்லாமல் திரும்பிய பெட்டி ஒன்றைத்
திறக்கச் சொன்னேன்.
பெட்டிக்குள் பெட்டி,
அதற்குள் காற்றுப் பைகள் பதினொன்று,
அடியில், கைப்பேசிக் கண்ணாடிக்கு ஒட்டும் தாள்,
ஒன்றே ஒன்று.
முழுக்க மறுசுழற்சி அட்டை என்று
மூடியில் அச்சடித்திருந்தது.
உண்மைதான். பொய் சொல்லாத பெட்டி.
ஒட்டி மூடச் சொல்லிவிட்டு
அடுத்த கேள்விக்குப் போனேன்.

பதினொரு மணிக்கு மோட்டார்கள் வந்தன.
யோகமலர், இரண்டு பக்கமும் பை,
ஹெல்மெட்டுக்குள் துண்டு.
அவர் பகுதி மூன்றாம் டிவிஷன் வரை,
செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை.
லயத்து நாற்பது வீட்டுக்கும் ஒரே முகவரி.
"ஆளு குலை வெட்டப் போயிருப்பாரு மேடம்,
சாயங்காலம் மறுபடி போவேன்.
மழைன்னா மூணாவது தடவையும்."

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேன்.
ஹபிசுல் நடுவில் வந்தார், தணிந்த மலாயில்:
இவர்கள் ஊழியர்கள் அல்ல, கூட்டாளிகள்.
இவர்கள் புகை கணக்கின் எல்லைக்கு வெளியே.
விதிப்புத்தகம் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினேன்.
அவர் சொன்னது சரி.

"எல்லைன்னா எங்க லா மேடம்,
ரயில் கேட்டு கிட்டயா?"
கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.
நான் பேனாவை மூடித் திறந்தேன்.

மழைக்கோட்டுப் பையிலிருந்து
பிளாஸ்டிக்கில் சுற்றிய பள்ளிக்கூட நோட்டு வந்தது.
தேதி. மீட்டர். பெட்ரோல். திரும்பிய பெட்டி.
பதினான்கு மாதம், ஒரு நாள் விடாமல்.
தீபாவளிக்கு நேரே ஒரு கோடு.
மார்ச்சில் ஒரு வரி:
பையனுக்குக் காய்ச்சல், 61 கி.மீ.
"யாருக்குக் காட்ட இதெல்லாம்?"
"யாரும் கேட்டதில்ல.
என் காசு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியணுமே."

மதியம் சீனர் கடையில் மீ கோரெங் ஆறக் கிடக்க
கூட்டினேன், வகுத்தேன், மறுபடி கூட்டினேன்.
யோகமலர் கையால் சேர்ந்த ஒரு பெட்டிக்கு
நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.
கம்பெனியின் ஆண்டறிக்கையில்,
காட்டு அருவிப் படத்துக்குக் கீழே:
ஒன்று புள்ளி மூன்று (உத்தேசம்).

தலைமையகத்திலிருந்து செய்தி:
"குறைபாடு" என்ற சொல்லைத் தவிர்க்கலாமே,
"மேம்பாட்டு வாய்ப்பு" பொருத்தமாக இருக்கும்.
மரியாதையான கடிதம்.
என் கட்டணமும் அவர்களிடமிருந்துதான் வருகிறது.
கிள்ளானிலிருந்து தனியாக ஓட்டி வந்த
நானூறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு
என் படிவத்திலும் கட்டம் இல்லை.

குறைபாடு என்றே எழுதினேன்.
பெரிய வீரம் ஒன்றுமில்லை,
"சிறு" என்று முன்னால் சேர்த்திருந்தேன்.
பிறகு அந்தச் சிறுவை அழித்தேன்.
பிறகு நெடுநேரம்
திரையில் மினுங்கும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து ஏற்றினேன்.
நிறுவன ஆவணம் மட்டுமே ஏற்கப்படும் என்றது தளம்.
"மற்றவை" என்று ஒரு மூலை இருந்தது.
அங்கே, எண்ணெய்க் கறையோடு, இருபத்தெட்டுப் படம்.

நாலரைக்கு வானம் இருட்டியது.
அந்தக் காற்றுப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு
மறுபடி கிளம்பினார் யோகமலர்.
நோட்டு இன்னும் என் மேசையில் கிடந்தது.
மீட்டரை எட்டிப் பார்த்தவர்
என் பேனாவைக் கேட்டு வாங்கி
பெட்டியின் மூடியிலேயே,
மறுசுழற்சி முத்திரைக்கு மேல், எழுதினார்:
48213.