முழுப்பேர்

படிவம் வீதியின் பெயரைக் கேட்கிறது.
எங்கள் காம்பராவுக்கு முன்னால் போவது
கொழுந்து லொறி ஏறும் பாதை.
அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை.
கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம், நாலாம் காம்பரா, மஸ்கெலியா
என்று அடித்தேன்.
செல்லுபடியாகாத முகவரி
என்றது சிவப்பு எழுத்து.
கடைசியில், அட்டனில் நான் டியூசன் கொடுக்கும்
கட்டடத்தின் முகவரியைப் போட்டேன்.
கீழே கோழிக்கடை. அதைச் சொல்லவில்லை.

சுவீடனில் இரண்டு வருட ஆய்வு.
கலாநிதிப் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும்.
எங்கோ வெடித்த நட்சத்திரத்திலிருந்து புறப்பட்ட நியூட்ரினோவை
கடலுக்கடியில் தொங்கும் கண்ணாடிக் குண்டுகள்
பார்த்தனவா என்று சொல்ல வேண்டும்.
பெரும்பாலும் இல்லை.
வறட்சியில் மட்டும் மவுசாக்கலைத் தண்ணீருக்கு மேல்
தலைகாட்டும் பழைய கோயில்போல
எப்போதாவது ஒன்று.
மற்ற நாட்களின் 'இல்லை'யைப் பிழையில்லாமல் எழுதத்தான்
ஆள் தேடுகிறார்கள்.

நேர்முகம் எங்கள் நேரம் ஆறரைக்கு.
டிவிஷனில் நாலு கோடு சிக்னல் விழுவது
பிள்ளைக் காம்பராவின் ஜன்னலோரத்தில்.
ஆயாம்மா செவனம்மா திறப்பைத் தந்து
"தொட்டில நகட்டிறாத" என்றாள்.
முழங்கால் தாடையில் இடிக்கும் நாற்காலி.
எனக்குப் பின்னால் சுவரில்
தும்பிக்கையில் 'அ'வைத் தூக்கிய யானை.

திரையில் மூன்று பேர்.
ஒருவர் கேட்டார்: அது என்ன சத்தம்?
மழை என்றேன். தகரத்தில்.
இன்னொருவர்: நடுவில் இரண்டரை வருடத்தைக் காணோமே?
கடன் என்று சொல்ல வாயெடுத்து
கற்பித்தல் என்றேன்.
மூன்றாமவர்: பின்னணி இரைச்சலை எப்படிக் கழிப்பீர்கள்?

அதற்கு என்னிடம் ஒழுங்கான விடை இருந்தது.
மியூவான், வந்த கோணம், நிகழ்தகவு,
தடுமாறாமல் சொன்னேன்.
சொல்லச் சொல்ல, கண்ணுக்குள் தராசு ஆடியது.
இருபது கிலோ கொழுந்தில்
ஈரத்துக்கு ஒன்று,
சாக்குக்கு ஒன்று,
கேட்காதே என்று இன்னொன்று.
அந்த மூன்றாவது கிலோவுக்கு
என்னிடம் சமன்பாடு இல்லை.
பதினெட்டைத் தொடாவிட்டால் அம்மாவுக்கு அரைப்பேர்.

டேட்டா தீருமுன்பே நன்றி சொல்லிவிட்டார்கள்.
அசைத்த ஒரு கை
அசைந்த இடத்திலேயே உறைந்து நின்றது.

அட்டை கடித்த காலுக்கு
அம்மா உப்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.
எங்கள் குழுவின் கட்டுரையைத் திறந்து காட்டினேன்.
முந்நூற்று எண்பத்தேழு பெயர்கள்.
இருநூற்றுப் பதினோராவதாக எம். ஜெயகௌரி.
கைப்பேசியை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.
"இது முழுப்பேரா, அரைப்பேரா?"
பகிடி இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

சூரியன் அப்போது எங்கள் காலுக்கடியில், பூமிக்கு மறுபக்கம்.
அங்கிருந்து புறப்பட்டவை
பாறையைக் கடந்து, தேயிலை வேரைக் கடந்து,
வெடித்த சிமெந்துத் தரையைக் கடந்து
அம்மாவின் கட்டைவிரல் நகத்தின் வழியே
நொடிக்கு ஆறாயிரம் கோடி
மேலே போய்க்கொண்டிருந்தன.
ஒன்றும் நிற்கவில்லை.
ஒன்றுக்கும் பேர் விழவில்லை.

"முழுப்பேர்தான்" என்றேன்.

"அப்ப எவ்வளவு போடுவாங்க?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து
கொழுந்துச் சாக்கை வாசலில் உதறினாள்.
மழை விட்டிருந்தது.