நாடி ஐம்பத்தெட்டு

ஊலுவில் ஜனவரி.
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
காதில் கருவியை மாட்டிக்கொண்டு
சிறையிலிருந்து வரும் ஒலிப்பதிவுகளைத்
தட்டச்சு செய்கிறேன்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
மௌனத்துக்குக் கூலி கிடையாது,
ஆனாலும் எத்தனை நொடி என்று
அடைப்புக்குறிக்குள் குறித்தாக வேண்டும்.

மருத்துவர் சிர்க்கா கேட்கிறார்:
அந்தப் பெண்மேல் கோபமா?
இல்லை.
பணமா?
(சிரிப்பு, 2 நொடி)
காதில் ஏதும் குரல் கேட்டதா?
"கேட்டிருந்தால் துணைக்கு ஓர் ஆளாவது இருந்திருக்குமே"
என்கிறான் என்சியோ காட்டிலாகோஸ்கி,
வயது முப்பத்து நான்கு,
லிஃப்ட் பழுது பார்ப்பவன்.

அவன் விரலில் நாடிக் கருவி.
அந்த எண்களையும் ஓரத்தில் நானே ஏற்ற வேண்டும்.
கொன்றதைச் சொல்லும்போது ஐம்பத்தெட்டு.
பால் வாங்கிய கதைக்கும் அதே ஐம்பத்தெட்டு.
அதற்கு முந்தைய இருபது நிமிடம்,
பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றதைச் சொல்லும்போதுதான்
நூற்றுப் பன்னிரண்டு.

"என்னிடம் மணி கேட்டாள்.
சொன்னேன். நன்றி என்றாள்.
என்ன நடக்கப்போகிறது என்பது
எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.
(6 நொடி)
அதுதான். அவ்வளவுதான்.
பிறகு எல்லாம் வழக்கம்போல.
வீட்டுக்குப் போய் சூப்பைச் சூடாக்கினேன்.
அதிலும் உப்பில்லை."

உள்ளே ஏதோ கொதிக்கும் என்று நினைத்திருந்தேன்.
இது ஆளில்லாத லிஃப்ட்.
ஒவ்வொரு மாடியிலும் நிற்கிறது,
கதவு திறக்கிறது,
மூடிக்கொண்டு மேலே போகிறது.
பகைக்கு ஒரு முகவரி இருக்கிறது.
பசிக்கு ஒரு வேளை இருக்கிறது.
தினவுக்கு?
சொறிந்த இடத்திலேயே மறுபடி முளைக்கிறது.

அவள் பெயர் நினைவிருக்கிறதா?
"ஹெல்மி... ஹில்மா...
கோப்பில் இருக்குமே."
அப்புறம் நீளமாக ஒரு சத்தம்.
இருமல், தும்மல் போன்றவற்றை விட்டுவிடலாம்
என்று விதி சொல்கிறது.
நான் தட்டினேன்: கொட்டாவி.

சரிபார்க்கப் பின்னோக்கி ஓட்டினேன்.
கொட்டாவியில் நிறுத்தவில்லை.
இன்னும் பின்னே,
பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனேன்.
மூன்றாம் முறை கேட்கும்போதுதான் பார்த்தேன்:
காப்பி ஆறி ஆடை படிந்திருந்தது,
என் விரல் என் மணிக்கட்டில் இருந்தது.
எண்ணவில்லை.
எண்ணக்கூடாது என்று எடுத்துவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே
பனி அள்ளும் வண்டி மஞ்சள் விளக்கோடு போயிற்று.

இறந்தவர் பெயர் வரும் இடத்தில்
முதலெழுத்து மட்டுமே போட வேண்டும்.
நான் முழுதாய் அடித்தேன்:
டெல்லெர்வோ ஹாபலா.
பள்ளிக்கூடச் சமையல்காரி, ஐம்பத்தொரு வயது.
அன்று அவள் கைக்கடிகாரம்
பேட்டரி மாற்றக் கடையில் இருந்தது.

மேற்பார்வையாளர் அழித்துவிடுவார், தெரியும்.
அழிப்பதற்காவது
அவர் அதை ஒருமுறை வாசிக்க வேண்டும்.