ஒரு காசுக் கனம்

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்,
மூக்கைத் தொடு, பிறகு என் விரலைத் தொடு.
மூக்கு கிடைத்தது.
விரலைத் தாண்டிப் போய்
அவர் சட்டைப்பைப் பேனாவை இடித்தேன்.
மறுபடி, என்றார்.
மறுபடியும் பேனா.

இருபத்திரண்டு வருஷம்
சிற்றாறு தோட்டத்தில், நெற்றியில் விளக்கு கட்டி,
நாளுக்கு முந்நூறு ரப்பர் வெட்டிய கை.
பட்டையில் ஒரு காசுக் கனம்தான் சீவணும்.
கொஞ்சம் ஆழம் போனால் தடி.
தடியில் கத்தி பட்டால் மரம் அந்த இடத்தில் வீங்கிக்கொள்ளும்,
சூப்பர்வைசர் சுண்ணாம்பால் புள்ளி வைப்பார்.
எனக்கக் கணக்கில்
வருஷத்துக்கு நாலோ அஞ்சோ புள்ளி.

பிசியோ பிள்ளை ஆன்லின் ஷீபா
என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு சொன்னாள்:
முன்பக்கத் தசை இழுக்குது அக்கா, அதுக்குப் பெலம் குறையல்ல.
கை போய்ச் சேருமுன்னே பின்பக்கத் தசை பிடிக்கணும்.
கண் பார்த்துச் சொன்னால் பிந்திப்போகும்,
அதனால பிடரிக்குள்ள சிறுமூளை
முன்கூட்டியே கணக்குப் போட்டு அனுப்பும்.
அங்கதான் உங்களுக்கு ரத்தம் அடைச்சது.

அப்போ நான் பிரேக் இல்லாத பேச்சிப்பாறை பஸ்ஸா?
பிரேக் இருக்கு அக்கா, வளைவு கழிஞ்சு விழுது.

சிரித்துவிட்டு வந்தேன். ராத்திரி உறக்கம் இல்லை.
மூணு மணி இருட்டில்
சீட்டுப் பணத்தையும் மகன் பீஸையும் நினைத்துக்கொண்டு
நான் பாட்டுக்கு நடந்தேனே,
கத்தியை மரத்துக்கு மரம் நிறுத்தினது யார்?
இத்தனை காலம் உள்ளே ஒருத்தர் வேலை பார்த்திருக்கிறார்,
பேரேட்டில் பெயர் இல்லாமல்.

மணிக்கட்டில் மணல்பை கட்டினால்
ஆட்டம் குறையும். அவிழ்த்தால் வந்துவிடும்.
சுவரில் சாக்பீஸ் வட்டம், அதைத் தொடு தொடு என்று
இரண்டு மாசம்.

வெட்டி மாற்றப்போகிற கிழட்டு மரம் ஒன்று
வரிசைக் கடைசியில் நின்றது.
யாருக்கும் நஷ்டமில்லை என்று அதில் வைத்தேன்.
முதல் வெட்டு தடிவரை, வெள்ளையாய்ப் பிளந்தது.
இரண்டாவது பட்டையிலே படவில்லை.
சவம், போ என்று கத்தியை எறிந்துவிட்டு
பிறகு நானே போய் எடுத்தேன்.

முழங்கையை விலாவோடு இறுக்கினேன்.
மணிக்கட்டைப் பூட்டினேன்.
கத்தி பட்டையில் இருக்க
மரத்தைச் சுற்றி நடந்தேன்,
ஒரு எட்டு, அரை எட்டு.
கை சும்மா இருந்தது. கால் வெட்டியது.
சீவல் சுருண்டு பாதத்தில் விழ
பால் யோசித்து யோசித்துச் சிரட்டைக்கு இறங்கியது.

இப்போது ஆறு மரத்துக்கு ஒரு புள்ளி.
சூப்பர்வைசர் ஏசிக்கொண்டே எழுதுகிறார்.
வீட்டில் சாயா மட்டும்
இன்னும் பாதி மடியில்.