புறமுதுகு

உயர்நிலை மூன்றில் தமிழாசிரியை
புறமுதுகு காட்டுவது இழுக்கு என்றார்.
கடைசி வரிசையில் நான்
கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தேன்.
அன்று காலைதான் பாண்டான் நீர்த்தேக்கத்தில்
இரண்டாயிரம் மீட்டர்
புறமுதுகு காட்டிவிட்டு வந்திருந்தேன்.

துடுப்புப் படகில் ஜெயிப்பவர்
எல்லைக்கோட்டுக்கு முதுகைத்தான் கொடுப்பார்.
முதலில் வருபவருக்கு
மற்ற எல்லோருடைய முதுகும் தெரியும்.
கடைசியில் வருபவருக்குத்
தண்ணீர் மட்டும்.

எனக்குப் பின்னால் ஷுவென்.
ஆறு வருடம் ஒரே படகு,
அவள் மூச்சு என் பிடரியில்.
துடுப்பைத் தொட்டபின் அவள் முகத்தை
நான் பார்த்ததே இல்லை.
என் தோள்பட்டையில் எத்தனை மச்சம் என்று
அவளைக் கேட்டால் சொல்வாள்.
கட்டளையெல்லாம் அவள் குரல்:
இன்னும் பத்து. கால், கால். விடாதே.

மின்னல் சைரன் ஊதினால்
கொட்டகையில் காத்திருப்போம்.
அவள் காயா ரொட்டி தின்பாள்.
நான் ஈரத்தொடையில் புத்தகத்தை விரித்து
மணிக்கட்டின் எட்டு எலும்புகளை
மனப்பாடம் செய்வேன்.
ஏழு வரும். எட்டாவது
தேபான் கார்டன்ஸ் புளோக்குகளுக்கு மேலே
இடியோடு போய்விடும்.
கரையில் ஓர் உடும்பு
எங்கள் இருவரையும் சட்டை செய்யாமல் கடக்கும்.

வெளியூரில் கடைசிப் போட்டி. நான்காவது.
ஒரு நொடியில் பாதிகூட இல்லை வித்தியாசம்.
முன்னால் போனவர்களை நான் பார்க்கவேயில்லை,
பலகையில் படித்துத் தெரிந்துகொண்டேன்.
ஷுவென் படகிலேயே வாந்தி எடுத்தாள்.
திங்கட்கிழமை தேர்வு.
எட்டாவது எலும்பைத்தான் கேட்டிருந்தார்கள்.

போன வியாழன், இரவு மூன்று நாற்பது.
பதினான்காம் படுக்கை, திரு குவா, ஐம்பத்தெட்டு வயது.
மாலையில்தான்
கஞ்சி சிமெண்ட் மாதிரி இருக்கிறது என்று
என்னிடம் புகார் செய்தவர்.
அவர் நெஞ்சின்மேல் என் இரண்டு கைகள்.
நிமிடத்துக்கு நூற்றுப்பத்து.
படகில் முப்பத்தாறுக்கே கண் இருட்டும்.

தாதி மரிசெல் எண்ணினாள்.
எனக்குக் கேட்டதோ முதுகுக்குப் பின்னாலிருந்து:
இன்னும் பத்து. விடாதே.
இன்னும் பத்து.

ஒரு விலா எலும்பு உடைந்தது.
கைக்குத் தெரிந்தது.
துடுப்பு தவறி நீரில் மாட்டிக்கொண்டால்
நண்டு பிடித்துவிட்டாய் என்று சிரிப்பார்கள்
எங்கள் விளையாட்டில்.
கையில் அதே உதறல்.
யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் ஃபைருஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.
நிறுத்தலாம் என்றார்.
நேரத்தைச் சொன்னார்.

நிறுத்து என்றால் துடுப்பு நிற்கும்,
படகு நிற்காது.
கொஞ்ச தூரம் தானாகப் போகும்,
அடியில் தண்ணீர் மெல்லச் சலசலக்க.
என் கைகள் மூன்று முறையோ நான்கு முறையோ
அவருக்கு மேலே காற்றை அழுத்தின.
மரிசெல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

தாழ்வாரம் ஐம்பது மீட்டர் இருக்கும்.
அந்தக் கோடியில் மின்தூக்கி திறந்து
மகன் வந்தான்,
ஒரு காலில் செருப்பு மாறிப்போய்.
போய்ச்சேரும் இடத்தைப் பார்க்காமலே
போகப் பழகியவள் நான்.
இதற்கு முதுகு உதவாது.
ஒவ்வோர் அடியாக அவன் முகம் பெரிதாகியது.

சொன்னேன்.

என் கையைப் பிடித்தவன் விடவில்லை.
உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.
இது ஏன் இப்படிக் காய்த்திருக்கிறது?
அந்த நேரத்தில் அவனுக்கு
வேறு கேள்வி வரவில்லை.
படகு, என்றேன்.

ஓ, என்றான்.
அப்பாவும் படகில் மீன்பிடிக்கப் போவார்,
ஞாயிற்றுக்கிழமைதோறும்
பொங்கோலுக்குப் போவார், என்றான்.
போவார் என்றுதான் சொன்னான்.
நான் திருத்தவில்லை.

உள்ளே பதினாறாம் படுக்கையின்
மணி அடித்தது.