நவம்பரில் நீக்கப்பட வேண்டும்

ப்ரெக்கனின் வாழ்க்கையை
நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.
எந்த வருஷம் எந்தக் கிளப், எத்தனை புள்ளி,
யாரை விற்றார், யாருக்குக் கை கொடுக்கவில்லை.
லாரிக்காரர்களுக்குப் படிவம் நிரப்பிய அதே கையெழுத்து,
அதே நீல மை.

க.க.சாவடி தாண்டி, வாளையாறுக்குக் கொஞ்சம் முன்னால்
எட்டுக்குப் பத்துக் கடை.
வெளியே இரண்டு கிலோமீட்டருக்கு லாரி நிற்கும் அப்போதெல்லாம்.
வெங்காயம் அழுகுகிற வாசனைக்குள்
கார்பன் வைத்து மூன்று பிரதி, இருபது ரூபாய்.
ஒரு ஜூலை முதல் தேதி வரி மாறியது.
தடுப்புக் கட்டையைத் தூக்கியவர்கள்
இறக்கவே இல்லை.
என் போர்டைப் படிக்கிற அளவுக்குக்கூட
இப்போது எந்த வண்டியும் மெதுவாகப் போவதில்லை.
எனக்கு யாரும் கடிதம் தரவில்லை.

மிச்சம் இந்தக் கம்ப்யூட்டர்.
பக்கத்து டயர் கடை ஷம்னாத்
இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான்.
ஞாயிறானால் செவன்ஸ் ஆடக் கஞ்சிக்கோடு போகிறவன்.
"இதில பந்தே தொட வேண்டாம் சேட்டா,
ஆளை மாத்தினா மதி."

மழை ஓயாத ஒரு துறைமுக ஊர், மூன்றாம் பிரிவு.
ப்ரெக்கன் தொடங்கிய இடத்தில் தொடங்கினேன்.
முதல் வருஷம் ஒன்பதாவது. அவரும் ஒன்பதாவது.
இரண்டாம் வருஷம் மேலேறினோம்.
வலது ஓரக்காரனை அவர் விற்ற வாரத்திலேயே விற்றேன்,
ஐயாயிரம் குறைவாக.
அது இரண்டு ராத்திரி உறுத்தியது.

சிக்கல் நாலாவது வருஷம்.
நோட்டில் பன்னிரண்டாம் பக்கம்:
நவம்பர் 19. தொடர்ந்து எட்டுத் தோல்வி. நீக்கம்.
பிறகுதான் அவர் ஏழு மாதம் வீட்டில் சும்மா இருக்க வேண்டும்.
பிறகுதான் அந்தப் போன்,
பெரிய கிளப், ஆறு கோப்பை,
வாசலில் வெண்கலச் சிலை.

என் பசங்களோ
ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கோல்கீப்பரை உட்கார வைத்துவிட்டு
கம்ப்யூட்டரே பெற்றுப் பெயர் வைத்த
பதினேழு வயதுப் பையனை நிறுத்தினேன்.
பாய்ந்து பாய்ந்து பிடித்தான். டிரா.
இருபத்திரண்டு கோல் போட்ட டாரக்கை
இடது பின்வரிசைக்கு இழுத்தேன்.
அதன் பிறகு தோற்க வந்தது.
டாரக்கின் பெயருக்கு எதிரே சிவப்பு அம்பு:
மேனேஜரைச் சந்திக்க விரும்புகிறார்.
நான் சொல்வதற்கு நான்கு பதில்கள் கொடுத்திருந்தார்கள்.
நான் சொல்ல வேண்டியது அதில் இல்லை.

நாலு தோல்வி. ஐந்து.
நிர்வாகத்திடமிருந்து கடிதம்:
'உங்கள் மீது எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது.'
இரண்டு தடவை படித்தேன்.
கஞ்சிக்கோட்டு கம்பெனியில் செகண்ட் ஷிஃப்டுக்குப் போகிற கோகிலாமணி
தூக்குப்போசியை வைத்துவிட்டு
எந்நேரம் கிளம்பினாளோ.

ஏழாவது.
இன்னும் ஒன்று.

கணவாய்க் காற்றில் ஷட்டர் தடதடக்கிறது.
நவம்பர் 18, ஒன்றுக்குச் சுழியம், எங்களுக்குச் சுழியம்,
எண்பத்தொன்பதாவது நிமிஷம்.
எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.
அப்போது அந்த ஒன்பதாம் நம்பர் வட்டம்
நான் நிற்கச் சொன்ன இடத்தை விட்டு நகர்ந்தது.
நடுக்கோட்டைத் தாண்டியது.
"நில்லுடா," என்று கத்தினேன்.
நிற்கவில்லை.
ஒன்று. அப்புறம் மூன்று நிமிஷத்தில்
தலையால் இன்னொன்று.

கறுப்புக் கையோடு ஷம்னாத் எட்டிப் பார்த்தான்.
"ஜெயிச்சில்லே? பின்னே எந்தா மூஞ்சி இப்படி?"

புதுக் கடிதம்:
இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டிப்பு,
சம்பளம் கூட.

வெளியே ஒரு லாரி வேகம் குறைத்தது.
பேனாவோடு எழுந்தேவிட்டேன்.
பஞ்சர். ஷம்னாத் ஜாக்கியோடு ஓடினான்.

திரையில் கையெழுத்துப் போடும் இடம்
மினுக்கிக்கொண்டிருந்தது.
மூன்று பிரதி கேட்கவில்லை.