ஒரு பிடிப் பாசி

நம்புசெல்வி,
நீ இன்று இறங்க வேண்டாம்.
என்ஜின் நின்றதும் எல்லாரும் குதித்தோம்.
நீ மட்டும் விளிம்புப் பலகையைப் பிடித்தபடி
குருசடைத் தீவையே பார்த்துக்கொண்டிருந்தாய்.
அந்தப் பிடி எனக்குத் தெரியும்.
போன மாதம் அதே பலகையில்
என் நகம் பதிந்திருக்கிறது.

உன்னைவிட இரண்டு வயது சின்னவள் நான்,
புத்தி சொல்ல வரவில்லை.
பட்டதைச் சொல்கிறேன்.
கேட்டால் கேள், இல்லாவிட்டால்
அந்தத் தண்ணீர்க் கேனை இப்படித் தள்ளு.

உப்பு ஊறிய துணி தொடையை அறுக்கும்.
பாறை அறுக்கும் என்று
விரலுக்குத் துணி சுற்றுகிறோம்,
காலுக்கு ரப்பர் வெட்டிக் கட்டுகிறோம்,
தொடையை மட்டும் ஏன் விதியிடம் விடுகிறோம்?
கிளம்புமுன் தேங்காய் எண்ணெய் தடவு.
கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவு.
குடம் என்ன விலை தெரியுமா என்பாள் மாமியார்.
தெரியும் என்று சொல்லிவிட்டுக் கழுவு.

துணியை வெயிலில் போடு,
மரிக்கொழுந்துப் பாசி காய்கிற அதே மணலில்,
ஊர் பார்க்க.
ஓலை இடுக்கில் ஒளித்துக் காயவைத்து
எனக்கு வந்தது அரிப்பு.
மண்டபம் ஆஸ்பத்திரி நர்ஸிடம் சொல்ல
ஒன்பது நாள் வெட்கப்பட்டேன்.
ஒன்பது நிமிடத்தில் மருந்து கொடுத்து
அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

வயிறு முறுக்கினால்
மூன்று மணி மணலில் குப்புறப் படு.
வெயில் குடித்த மணல், ஒத்தடத்துக்குக் காசு கேட்காது.
ஆம்பளைகள் கேட்டால்
கம்மல் தொலைந்தது, தேடுகிறேன் என்று சொல்.
பாத்திமுத்து இதுவரை
நாலு கம்மல் தொலைத்திருக்கிறாள்.

மாத்திரை போடு, வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம்.
மணிக்கு ஒரு துணி நனைந்தாலோ
எட்டாம் நாளும் நிற்காவிட்டாலோ
என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ.

ரத்த வாடைக்குச் சுறா வரும் என்பான் ராயப்பு.
மீன் அறுத்த கையோடு
நாள் முழுக்கக் கடலில் நிற்கிறவன் அவன்.
கடலுக்குத் தீட்டு என்பதும் அவன்தான்.
டீசலும் ஐஸ் கம்பெனிக் கழிவும்
தீட்டில் சேராது போல.
இருந்தாலும் கரைக் கோயிலைத் தாண்டும்போது
நானும் தலையைக் குனிந்துகொள்கிறேன்.
பழக்கம். இன்னும் விடவில்லை.

அழுகை வரும், இரண்டு நாள் முன்பே வரும்.
எடையில் கால் கிலோ அடித்தான் என்று
தராசுக்கு முன்னால் நின்று நான் அழுததில்
ஏஜெண்டு பயந்து முக்கால் கிலோ கூட்டிப் போட்டான்.
எல்லா மாதமும் அப்படி வாய்க்காது.
அந்த நாட்களில் பெட்டி கட்டாதே.
அம்மா வீட்டுக்குப் போவதென்றால் ஐந்தாம் நாள் போ.
அப்போதும் தோன்றினால்
முதுகுளத்தூர் பஸ்ஸுக்கு நானே காசு தருகிறேன்.

இன்னொன்று.
இந்த மாதமும் வந்துவிட்டதே என்றுதான்
நீ பலகையைப் பிடித்திருக்கிறாய்.
நாள் தள்ளிப்போன அந்த ஆறு நாளும்
மூட்டையை மெதுவாகத் தூக்கினாய், பார்த்தேன்.
இதற்கு என்னிடம் எண்ணெய் இல்லை,
மணல் இல்லை.
திரும்பும்போது பக்கத்தில் உட்காருவேன்,
பேச மாட்டேன்.

உன் மூட்டை காலியாகப் போகாது.
பதினொரு பேர், ஆளுக்கு ஒரு பிடி.
தானமில்லை, முறை.
பாத்திமுத்து கணக்கு வைத்திருக்கிறாள்.
அடுத்தவளுக்கு வரும்போது
உன் பிடியைச் சிறிதாக்கிப் பார்,
கையைத் தட்டிவிடுவாள்.

சரி, கச்சான் கிளம்புமுன் நான் முங்க வேண்டும்.
உனக்கும் வேலை இருக்கிறது.
தலைகளை எண்ணிக்கொண்டிரு,
பதினொன்று.
ஒன்று மேலே வரத் தாமதித்தால்
கத்து.